வாடகைக்கு ஒரு படமா, மாதச் சந்தாவா? வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் முறைப்படி படம் பார்க்க இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. வேண்டிய ஒரு படத்துக்கு மட்டும் வாடகை கட்டி, அதை இறக்கிவைத்தோ நேரடியாகவோ பார்ப்பது ஒரு வழி. மாதத்துக்கோ ஆண்டுக்கோ சந்தா கட்டி, அந்த நிறுவனத்தின் தொகுப்பில் உள்ள எதையும் பார்ப்பது மற்றொன்று. இவற்றில் எது நல்லது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பகுதியை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்தந்தச் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மாதத்துக்கு இரண்டு படம், மிஞ்சிப்போனால் மூன்று படம் பார்ப்போம். ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள் என்கிறான் மகன். படத்துக்குப் படம் வாடகை கொடுத்தால் போதாதா என்பது என் எண்ணம். எது சிக்கனம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெறும் ரூபாய்க் கணக்கு மட்டும் பார்த்தால் உங்கள் மகன் சொல்வதுதான் சரியென்று தோன்றும். அமேசான் பிரைம் வீடியோ 2022 ஏப்ரலில் இந்தியாவில் வாடகைப் பிரிவைத் தொடங்கியபோது, ஒரு படத்துக்கான வாடகையை 69 ரூபாயிலிருந்து 499 ரூபாய் வரை வைத்தது. பிரைம் உறுப்பினராக இல்லாதவர்களும் அதில் படம் எடுக்கலாம். சராசரியாக ஒரு படத்துக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று படங்களுக்கு மாதம் 360 ரூபாய் ஆகும். அதே நிறுவனத்தின் ஆண்டுச் சந்தா 2021 டிசம்பரில் 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையை மாதத்துக்குப் பிரித்தால் 125 ரூபாய்தான் வருகிறது, அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு படத்தின் வாடகை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்கள் பார்க்க நினைக்கும் படம் அந்தச் சந்தாவில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரே செயலிக்குள் சந்தாவில் அடங்கிய படங்களும், சந்தா கட்டியவரும் தனியாக வாடகை கொடுத்தாக வேண்டிய படங்களும் பக்கத்துப் பக்கத்தில் காட்டப்படுகின்றன. போதாக்குறைக்கு, 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் படத்தின் நடுவே விளம்பரங்கள் வருகின்றன. அவை வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். வாடகைக்கு எதிராகவும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். புதிய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் இணைய உரிமை ஏதாவது ஒரு சந்தா நிறுவனத்துக்கு மொத்தமாக விற்கப்படுகிறது. அத்தகைய படத்தை வாடகைக்குத் தேடினால் எங்கும் கிடைக்காது.

ஆகையால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அண்மையில் நீங்கள் இருவரும் "இதைப் பார்க்கவேண்டும்" என்று பேசிக்கொண்ட பத்துப் படங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது, சந்தாவில் இருக்கிறதா வாடகைக்கு இருக்கிறதா என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் படங்கள் ஒரே நிறுவனத்தில் இருந்தால் அங்கே சந்தா கட்டுவதே சிக்கனம். நான்கு நிறுவனங்களில் சிதறிக் கிடந்தால், நான்கு சந்தா கட்டுவதைவிடக் கிடைப்பவற்றை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

என் தனிப்பட்ட பரிந்துரை, முதலிலேயே ஆண்டுச் சந்தா வேண்டாம் என்பதுதான். பிரைமின் மாதச் சந்தா 299 ரூபாய். ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினால் 1,495 ரூபாய், கிட்டத்தட்ட ஆண்டுச் சந்தாவுக்குச் சமம். ஆண்டில் நான்கு மாதங்களுக்குமேல் அந்தச் செயலியைத் திறக்கமாட்டீர்கள் என்றால் ஆண்டுச் சந்தா உங்களுக்கு நட்டமே. ஒரு மாதம் ஒரு நிறுவனத்தில் சந்தா கட்டி, சேர்ந்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுங்கள். அடுத்த மாதம் வேறொன்றில் கட்டுங்கள். ரத்து செய்தாலும் பணம் கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால், சேர்ந்த அன்றே ரத்து செய்துவைப்பதிலும் தவறில்லை. மாதத்துக்கு இரண்டு படம் பார்க்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வாடகை கொடுத்து எடுத்த படத்தைப் பாதி பார்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மறுபடியும் பணம் கேட்கிறது. முப்பது நாள் என்றுதானே போட்டிருந்தார்கள்? இது ஏமாற்று இல்லையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏமாற்று அல்ல; ஆனால் விதியை எழுதியிருக்கும் விதம் பலரைத் தவறாக எண்ணவைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகைப் படத்துக்கு இரண்டு கெடுக்கள் உண்டு. பணம் கட்டிய நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் படத்தைத் தொடங்கவேண்டும் என்பது முதல் கெடு. தொடங்கிய நிமிடத்திலிருந்து பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்பது இரண்டாவது. நீங்கள் நம்பியது முதலாவதை, உங்களைத் தடுத்தது இரண்டாவது.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜனவரியில் அமெரிக்காவில் படங்களை இறக்கிப் பார்க்க வாடகைக்கு விட்டபோதே முப்பது நாள் விதி இருந்தது. ஆனால் தொடங்கிய படத்தை அங்கே 24 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பாதியில் உறங்கிவிடுகிறவர், மறுநாள் அலுவலகம் முடிந்து வந்து உட்காருவதற்குள் கெடு நெருங்கிவிடும். பின்னாளில் அங்கும் அது 48 மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது.

இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத நம் படங்களைக் குழந்தைகளோடு பார்க்கும் வீடுகளில் 48 மணி நேரத்தையும் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு இரவு ஒன்பது வரை அவகாசம் கிடைக்கும். இடைவேளை வரை ஒருநாள், மீதி மறுநாள் என்று பார்த்த பிறகும் பிடித்த காட்சிகளைத் திரும்பப் பார்க்க நேரம் இருக்கும். அதையே ஞாயிறு இரவு தொடங்கினால் இரண்டு வேலைநாட்களுக்குள் முடித்தாகவேண்டும். படம் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதற்காக 'பிளே' பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். அழுத்தினால் கெடு தொடங்கிவிடும். படத்தை இறக்கிவைப்பதால் மட்டும் அது தொடங்குவதில்லை. நாள்தோறும் அரைமணி நேரமாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு வாடகை முறை ஒத்துவராது. அவர்கள் தயங்காமல் சந்தா பக்கம் போகலாம்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் பகுதியில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. படத்தை இறக்கி பென்டிரைவில் போட்டு டிவியில் பார்க்க, வாடகை நல்லதா, சந்தா நல்லதா?
– ஒரு வாசகர், வால்பாறை

பதில்: இரண்டிலும் பென்டிரைவில் போடமுடியாது. முறைப்படி இறக்கும் படம் பூட்டப்பட்ட கோப்பாகவே வருகிறது. அந்தச் செயலிக்குள், அந்தக் கருவியில், அனுமதித்த காலத்துக்கு மட்டும் அது ஓடும். நகல் எடுத்து வேறெங்கே செருகினாலும் திறக்காது. டிவியில் உள்ள செயலிகளும் பொதுவாக நேரடியாக ஓடவிடுமே தவிர, படத்தை இறக்கிவைக்க இடம் தருவதில்லை. எனவே நீங்கள் இறக்கிப் பார்க்கப்போவது கைபேசியிலோ டேப்லெட்டிலோதான் என்று மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சற்றுப் பெரிய திரையுள்ள ஒரு டேப்லெட் உங்கள் வீட்டுக்கு உதவும்.

டேட்டா செலவையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.7 ஜி.பி.யும், எச்.டி. தரத்தில் 3 ஜி.பி. வரையும், 4கே தரத்தில் 7 ஜி.பி. வரையும் செலவாகும். இரண்டரை மணி நேரப் படத்தை எச்.டி.யில் பார்த்தால் ஏழரை ஜி.பி. வரை போய்விடும், நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜி.பி. தருகிற ரீசார்ஜில் அது நடக்காத காரியம். சாதாரணத் தரத்தில் இறக்கினால் ஒன்றே முக்கால் ஜி.பி. அளவில் அடங்கிவிடும், கைபேசித் திரைக்கு அந்தத் தரமே போதும்.

பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ வரும்போது வைஃபை உள்ள இடத்தில் நாலைந்து படங்களை ஒன்றாக இறக்கிக்கொண்டு மலையேறுவது என்றால், சந்தாதான் உங்களுக்கு ஏற்றது. ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை கட்டினால் தொகை கூடிவிடும். ஆனால் சந்தாவில் இறக்கிய படத்துக்கும் கெடு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள், தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடுகின்றன. எது எப்போது முடிகிறது என்பதைச் செயலியின் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் பார்த்து, முதலில் முடிவதை முதலில் பாருங்கள்.

கேள்வி: சந்தா கட்டியிருக்கும்போதே, புதுப்படத்துக்குத் தனி வாடகை கேட்கிறார்கள். ஒரே படத்துக்கு இரண்டு முறை வசூலிப்பது நியாயமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: 'பொன்னியின் செல்வன்' படங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று திரையரங்குகளில் வெளியானது. அக்டோபர் 28 அன்று பிரைம் வீடியோவில் 199 ரூபாய் வாடகைக்கு வந்தது. உறுப்பினர்களும் அதைக் கட்டித்தான் பார்க்கவேண்டும். நவம்பர் 4 அன்று உறுப்பினர்கள் அனைவருக்கும் கூடுதல் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகமும் அப்படியே முதலில் வாடகைக்கு வந்து, பிறகு சந்தாவுக்குள் சேர்ந்தது. அந்த முறை வாடகை 399 ரூபாய். ஒரு வாரம் முன்கூட்டிப் பார்ப்பதற்கான விலை அது. ஒரு வாரம் பொறுத்திருக்க முடிந்தவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில், திரையரங்குக்குப் போகமுடியாத பாட்டியையும் உட்காரவைத்து முதல் வாரமே பார்க்க விரும்புகிறவருக்கு 199 ரூபாய் அதிகமும் இல்லை.

வீட்டுக்கே புதுப்படத்தைக் கொண்டுவந்து, படத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் யோசனை தமிழ்த் திரையுலகுக்கு நெடுநாள் பழக்கமானது. கமல்ஹாசன் 2013இல் தம் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியாக 1,000 ரூபாய்க்குத் திரையிடத் திட்டமிட்டார். திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திரையரங்குகள் மூடியிருந்த 2020ஆம் ஆண்டில் 'க/பெ ரணசிங்கம்' அக்டோபர் 2 அன்று, படத்துக்குப் படம் கட்டணம் வாங்கும் ஜீபிளக்ஸ் சேவையில் 199 ரூபாய்க்கு நேரடியாக வெளியானது. பார்ப்பவர்களின் எதிர்ப்புக்கும் பலன் இருந்திருக்கிறது: 2022இல் 'ஆர்.ஆர்.ஆர்.' படத்துக்குச் சந்தாவுக்குமேல் தனிக் கட்டணம் என்று ஜீ5 அறிவித்ததும் சந்தாதாரர்கள் கொதித்தெழவே, அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை, தனி வாடகை கேட்பதில் அநியாயம் இல்லை. அந்தப் படம் சந்தாவுக்குள் வரும் தேதியை மறைத்துவிட்டு வாடகை வாங்குவதுதான் அநியாயம். அந்தத் தேதியை வாடகைப் பொத்தானுக்குக் கீழேயே அச்சிட்டால், பொறுப்பதா பணம் கட்டுவதா என்பதைப் பார்ப்பவரே தெளிவாக முடிவுசெய்வார். இதை நிறுவனங்களிடம் வாசகர்கள் விடாமல் கேட்கவேண்டும்.

கேள்வி: செயலியையே கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். அப்படியும் மாதாமாதம் சந்தாப் பணம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. செயலியை நீக்கினாலும் நிறுவனத்திடம் உங்கள் கணக்கும், பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் தந்த ஒப்புதலும் அப்படியே இருக்கும். எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ அந்த வழியாகவே ரத்து செய்யவேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் சேர்ந்திருந்தால் அங்கே 'அக்கவுன்ட்' பகுதியில்; கூகுள் பிளே அல்லது ஆப்பிள் வழியாகச் சேர்ந்திருந்தால் அவற்றின் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில். யு.பி.ஐ. மூலம் ஒப்புதல் தந்திருந்தால், உங்கள் யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது போகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்திவிடலாம். இந்தப் பட்டியலைத் திறந்துபார்க்கும் பலருக்கு, நினைவிலேயே இல்லாத ஒன்றிரண்டு சந்தாக்கள் கண்ணில் படும்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் இதில் உங்களுக்குத் துணையாக இருக்கின்றன. 2021 அக்டோபர் 1 முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் வரவேண்டும். அந்தத் தகவல் வந்தபின் அந்தத் தொகையையோ ஒப்புதல் முழுவதையுமோ நிறுத்தும் வசதியும் இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்பது பெரிய தொகைகளுக்கு மட்டுமே. அந்த வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஓடிடி சந்தாக்கள் எல்லாம் அதற்குக் கீழே இருப்பதால், அந்த ஓர் எஸ்.எம்.எஸ். ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் அழித்துவிடாதீர்கள். வாடகை முறையில் இந்தத் தொல்லையே கிடையாது; ஒருமுறை கட்டினால் கணக்கு அதோடு முடிந்துவிடும். மறதி உள்ளவர்களுக்கும், பெற்றோரின் கைபேசியில் ஏற்பாடு செய்துதருகிறவர்களுக்கும் வாடகையை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகனும் வேலூரில் இருக்கும் நாங்களும் ஒரே சந்தாவில் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: நிறுவனத்தைப் பொறுத்தது. ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்ற விதியை நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறது. 'நான்கு திரைகள்' என்று திட்டத்தில் போட்டிருப்பதை நான்கு வீடுகள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆளுக்கொரு குறைந்த விலைத் திட்டம் எடுப்பது சில நேரம் பெரிய திட்டத்தைப் பகிர்வதைவிட மலிவாகவே முடியும்: 2021 டிசம்பரில் அந்த நிறுவனம் விலை குறைத்தபோது பேசிக் திட்டம் 199 ரூபாயாகவும் பிரீமியம் திட்டம் 649 ரூபாயாகவும் இருந்தன.

கேள்வி: கனடாவில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் உறவினர்கள் பார்க்கிற படம், அதே நிறுவனத்துக்குச் சந்தா கட்டியிருந்தும் எங்களுக்கு வருவதில்லை. ஏன்?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: படத்தின் இணைய உரிமை நாடுவாரியாக விற்கப்படுகிறது. இந்திய உரிமையை ஒரு நிறுவனமும் வெளிநாட்டு உரிமையை வேறொரு நிறுவனமும் வாங்கியிருக்கலாம். வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவே நடத்தப்படும் டென்ட்கொட்டா போன்ற தளங்களில் சில படங்கள் கிடைப்பது இதனால்தான். ஊரில் பார்த்த பெயரை நம்பிச் சந்தா கட்டாமல், உங்கள் நாட்டுத் தொகுப்பில் தேடிப்பார்த்த பிறகு கட்டுங்கள். பிறமொழிப் படங்களிலும் ஆவணப்படங்களிலும் ஆர்வம் இருந்தால், கனடாவிலும் அமெரிக்காவிலும் பல பொது நூலகங்கள் தம் உறுப்பினர்களுக்குக் கேனோபி என்ற தளத்தைக் கட்டணமின்றித் தருகின்றன. உங்கள் நூலக அட்டைக்கு அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாடகைக்குப் பக்கத்திலேயே 'வாங்கு' என்றும் ஒரு பொத்தான் இருக்கிறதே? இரண்டுமே வேண்டாம், ஒரேயடியாக வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்தப் பொத்தானை அழுத்தி நீங்கள் பெறுவது, காலக்கெடு குறிப்பிடப்படாத பார்வை உரிமம் மட்டுமே, படத்தின் பிரதி உங்கள் கைக்கு வருவதில்லை. நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தாலோ, நிறுவனம் அந்த வணிகத்தைக் கைவிட்டாலோ சிக்கல் வரக்கூடும். சோனி நிறுவனம் 2021 ஆகஸ்ட் 31 அன்று பிளேஸ்டேஷன் கடையில் படங்களை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் படவிற்பனையை நிறுத்தியது. முன்பு வாங்கியவர்கள் தொடர்ந்து பார்க்கலாம் என்று இருவரும் அப்போது சொன்னார்கள். ஆனாலும் கடையே மூடிய பிறகு அந்த உறுதியை எத்தனை ஆண்டுக்கு நம்புவது என்ற கவலை நியாயமானது. விற்கப்படுவது உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வாங்கும் விலை, வாடகையைப்போல் சில மடங்கு இருக்கும். அதே படத்தை நான்கைந்து முறையாவது திரும்பப் பார்ப்போம் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். பெரும்பாலான படங்களுக்கு வாடகையே போதும். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும் என்று நினைக்கிற படத்தின் டி.வி.டி.யோ புளூரேயோ இன்னும் கடையில் கிடைத்தால் அதை வாங்கிவையுங்கள். அது ஓடுவதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடுகிறீர்கள் என்றால், வாடகையோ சந்தாவோ கட்டுமுன் யூடியூபில் பாருங்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே பல படங்களை முழுமையாக, இலவசமாக அங்கே ஏற்றியிருக்கின்றன.